மைனர்ஸ் ரைட், 78 ஏக்கர் லைசென்ஸ், சாம்பியன் ரீஃப் ஞானஸ்நானம்: மூன்று தாளும் ஒரே குடும்பந்தானா?

பெரம்பூர் லில்லி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா வழியில் நாங்கள் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர்கள், பரம்பரை ரயில்வே குடும்பம். பாட்டியின் தகரப் பெட்டியில் மூன்று தாள்கள் இருக்கின்றன.

முதல் தாள் 1861. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனி, பல்லாரட். ‘மைனர்ஸ் ரைட்’ என்று அச்சடித்திருக்கிறது. ஒருவர் பெயர், வரிசை எண், ஒரு பவுண்டு கட்டணம். வேறொன்றும் இல்லை.

இரண்டாவது 1873. அதே பெயருக்கு 78 ஏக்கர் நில லைசென்ஸ். ‘1869 நிலச் சட்டம், பிரிவு 19’ என்று இருக்கிறது.

மூன்றாவது 1893. கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். பாட்டியின் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவின் நகல். தகப்பனின் முதல் பெயர் வேறு. குடும்பப் பெயர் மட்டும் முதல் இரண்டு தாளோடு ஒத்துப்போகிறது. ‘ட்ரெ’ என்று தொடங்கும் பெயர்.

முன்னோர் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர், தேங்காய் அளவு தங்கக் கட்டி எடுத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். என் கேள்விகள்: அவர் உண்மையில் என்ன வேலை செய்திருப்பார்? 78 ஏக்கரைச் சும்மா கொடுத்தார்களா? (அந்த நிலத்தில் இப்போது நமக்குப் பங்கு உண்டா என்று மாமா ஒருவர் விடாமல் கேட்கிறார்.) ஆஸ்திரேலியாவில் இருந்தவரும் கோலாரில் இருந்தவரும் அப்பா பிள்ளைதான் என்று சென்னையிலிருந்தே நிரூபிக்க முடியுமா?

மண்வெட்டி:

வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1861 என்ற ஆண்டை முதலில் கவனியுங்கள். விக்டோரியாவில் தங்கம் கிடைத்த சேதி பரவியது 1851. அந்த செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தோண்டுகிறவன் ஒவ்வொருவனும் மாதம் 30 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். தங்கம் கிடைத்ததா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸ் குழிக்குழியாக இறங்கிக் காட்டச் சொல்லும், கையில் இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தக் கெடுபிடி முற்றித்தான் 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டின் யுரேகாவில் தடுப்பரண் கட்டி நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறு ஆண்டே லைசென்ஸை ஒழித்துவிட்டு மைனர்ஸ் ரைட் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு ஒரு பவுண்டுதான். அதற்கு க்ளெய்ம், அதாவது தோண்டுவதற்கான துண்டு நிலம், அடிக்கும் உரிமை, அரசு நிலத்தில் குடிசை போடச் சிறு மனை, கூடவே ஓட்டுரிமை.

ஆகவே 1861-இல் ஒருவர் கையில் மைனர்ஸ் ரைட் இருந்தது என்பதற்காக அவர் சொந்தமாகக் குழி தோண்டினார் என்று முடிவு கட்டாதீர்கள். கம்பெனியில் வாரக் கூலிக்கு இறங்கியவர்களும் அந்த மனைக்காகவே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டுக்கு அதைவிட மலிவான வீட்டு மனை கிடையாது.

அந்தக் காலத்துப் பல்லாரட்டில் மேல்மண் தங்கம் தீர்ந்துபோய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் பழைய ஆற்றுப் படுகைகளில். அவை எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைக்கு அடியில் புதைந்து கிடந்தன. 1852-இல் இடுப்பளவு குழியில் எடுத்ததை 1854-இலேயே 100 அடிக்குக் கீழே தேட வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ஆளுக்கு 8 அடி சதுரம், பிறகு 12 அடி சதுரம் என்று க்ளெய்ம் கொடுத்தார்கள். ஆழம் கூடக் கூட அது கட்டவில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரே கிணற்றை மாதக்கணக்கில் இறக்குவார்கள்.

இறக்கும்போது வருகிற முதல் எமன் தண்ணீர். இரண்டாவது, தண்ணீரோடு சேர்ந்து ஓடும் மணல். கிணற்றின் நாலு பக்கமும் மரத்தைப் பிளந்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே களிமண்ணை இறுக அடைக்காமல் விட்டால் மணல் அந்த இடுக்கு வழியாக ஒழுகி உள்ளே இறங்கும். பலகைக்குப் பின்னால் பொள்ளல் விழும். ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் வெறுமையுமாக ஆனதும் பலகைகள் வளைந்து மொத்தக் கிணறும் உட்காரும். மூன்றாவது காற்று. கீழே மெழுகுவத்தி மங்கினால் ஆள் மேலே வர வேண்டும். கேன்வாஸில் நீளமான குழாய் தைத்து, மேல்வாயைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்திக் கீழே காற்று இறக்குவார்கள். காற்றடிக்காத கோடை நாளில் அதுவும் உதவாது.

இவ்வளவும் தாண்டிப் படுகைக்குப் போனால், புதைந்த ஆறு பத்தடி தள்ளி வளைந்து போயிருக்கும். கிணறு வறண்டது. செலவு போனது போனதுதான்.

தங்கம் உள்ள சரளைமண் மேலே வந்ததும் வேலை வேறு. பாதியாக அறுத்த பீப்பாயில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்வாரியால் களி முழுக்கக் கரையும்வரை கிண்ட வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் நிறைய நஷ்டப்பட்டார்கள். கரையாத களி உருண்டை அடுத்த கட்டத்தில் உருண்டு போகும்போது தங்கத் துகளை மேலே ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். கரைத்ததை ஆட்டுதொட்டியில் போடுவார்கள். தொட்டில் மாதிரி வளைந்த அடிக்கட்டை, மேலே ஓட்டை போட்ட இரும்புத் தகடு, உள்ளே சரிவான தளம், குறுக்கே சின்னச் சட்டங்கள். ஒரு கை ஆட்டும், மறு கை தண்ணீர் மொண்டு ஊற்றும். தண்ணீர் அதிகமானால் பொடித் தங்கம் சட்டத்தைத் தாண்டி ஓடும். குறைந்தால் மணல் சட்டத்தின் பின்னால் கெட்டியாக அடைத்து, பிறகு வருகிற தங்கத்துக்குத் தங்க இடமில்லாமல் போகும்.

தேங்காய் அளவு கட்டி விஷயம். பெரிய கட்டி எதுவாயினும் அந்தக் காலப் பத்திரிகையில் வராமல் இருக்காது. ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற உலகப் புகழ் கட்டியை 1869-இல் மோலியாகல் அருகே எடுத்த ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் கார்ன்வால்காரர்கள்தான். மரத்தடியில் ஓரிரு அங்குல ஆழத்தில் கிடந்தது. 70 கிலோவுக்கு மேல். தராசு கொள்ளாமல் டனோலியில் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள். கார்ன்வாலிலிருந்து வந்த பாதிக் குடும்பங்களில் இந்தக் கதைக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறது. ட்ரோவ் என்கிற ஆஸ்திரேலியத் தேசிய நூலகத் தளத்தில் பல்லாரட் ஸ்டார், பெண்டிகோ அட்வர்டைசர், ஆர்கஸ் பத்திரிகைகளெல்லாம் இலவசம். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். கட்டி வருகிறதோ இல்லையோ, கடன் வழக்கு வரும்.

ஏட்டுச்சுருள்:

நிலத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்று தாளில் மிக உயர்ந்தது இரண்டாவதுதான். தங்கத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றி அரசு எழுதி வைத்தது சொற்பம், நிலம் வாங்கியவர்களைப் பற்றி எழுதியது கத்தை கத்தை.

சும்மா கொடுக்கவில்லை. 1869 சட்டப்படி ஒருவர் 320 ஏக்கர் வரை எடுக்கலாம். முதல் மூன்று ஆண்டு லைசென்ஸ், ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். 78 ஏக்கருக்கு ஆண்டுக்கு 7 பவுண்டு 16 ஷில்லிங், மூன்று ஆண்டுக்கு 23 பவுண்டு 8 ஷில்லிங் ஆகிறது. பிறகு மீதி ஏக்கருக்கு 14 ஷில்லிங். அதாவது 54 பவுண்டு 12 ஷில்லிங்கை ஒரே தடவையில் கட்டலாம், அல்லது ஏழு ஆண்டுக் குத்தகையாக அதே 2 ஷில்லிங் வீதம் கட்டிக்கொண்டே போகலாம். மொத்தம் ஏக்கருக்கு ஒரு பவுண்டு.

பணத்தைவிடக் கஷ்டம் நிபந்தனைகள். அந்த மூன்று ஆண்டில் இரண்டரை ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு உழ வேண்டும், இவருக்கு ஏறக்குறைய 8 ஏக்கர். வேலி போட வேண்டும். ஏக்கருக்கு ஒரு பவுண்டு மதிப்புக்கு வீடு, வேலி, குளம் என்று மேம்பாடு காட்ட வேண்டும். வேலி என்றால் என்ன கணக்கு என்று பாருங்கள்: 78 ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 7,370 அடி. 9 அடிக்கு ஒரு கால் நட்டால் 820 கால்கள். ஒவ்வொன்றும் காட்டு மரத்தை வெட்டி, பிளந்து, குழி தோண்டி நட்டது. பக்கத்து நிலக்காரர் பாதிச் செலவு கொடுத்தால் பிழைத்தார்.

பிரிவு 19 என்பதும் ஒரு தடயம். தங்கவயல் ஓரத்தில் சுரங்கத் தொழிலை விடாமல் உருளைக்கிழங்கு, மாடு என்று பிழைத்தவர்கள் அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவில் 20 ஏக்கர் வரை எடுத்தார்கள். இவர் 19-இல் 78 ஏக்கர் எடுத்திருக்கிறார் என்றால் சுரங்கத்தை விட்டு விவசாயத்துக்கே போக முடிவு செய்துவிட்டார் என்றுதான் படிக்க வேண்டும்.

கோப்பை எடுக்கும் வழி: மெல்பர்னில் உள்ள விக்டோரியா பொது ஆவணக் காப்பகம். 19, 20-ஆம் பிரிவுக் கோப்புகள் அங்கே வி.பி.ஆர்.எஸ். 625 என்ற வரிசையில் உள்ளன. பெயரை வைத்துத் தேடுவதைவிட, உங்கள் தாளில் உள்ள பாரிஷ் பெயரையும் மனை எண்ணையும் வைத்து அந்தப் பாரிஷின் நில வரைபடத்தைத் திறங்கள். இங்கே பாரிஷ் என்பது சர்வே பிரிவு, கோயில் பங்கு இல்லை. அந்த மனைக் கட்டத்துக்குள் முதலில் எடுத்தவர் பெயரும் பொடி எழுத்தில் கோப்பு எண்ணும், அதோடு பிரிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் கோப்பு கிடைக்கும். இணையத்தில் ஏற்றப்படாத கோப்பாக இருந்தால் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம்.

உள்ளே நீங்கள் பார்க்கப்போவது: அவர் கையெழுத்திட்ட விண்ணப்பம், குத்தகைக்குக் கேட்டபோது கொடுத்த வாக்குமூலம். அதில் வீட்டின் நீள அகலம், சுவர் பலகையா மரப்பட்டையா, எத்தனை அறை, எந்தத் தேதியில் குடிபுகுந்தார், மனைவி மக்கள் கூட இருந்தார்களா, எந்த ஆண்டு எத்தனை ஏக்கரில் என்ன விதைத்தார், என்ன விளைந்தது, வேலி எந்த வகை, எத்தனை சங்கிலி நீளம் எல்லாம் வரும். (ஒரு சங்கிலி 66 அடி. 80 சங்கிலி ஒரு மைல்.) விளைச்சல் பொய்த்த ஆண்டில் தவணைக்கு அவகாசம் கேட்ட கடிதம் இருந்தால் அதுதான் கோப்பிலேயே நல்ல தாள். கோதுமையில் துருநோய், நோயாளி மனைவி, கம்பெனியில் கூலிக்குப் போய்ப் பணம் சம்பாதித்து வந்தது, இதெல்லாம் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

மாமாவின் கேள்வி: பங்கு கிடையாது. முழுப் பணம் கட்டியதும் அரசு தனி உரிமைப் பத்திரம் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு விற்பனை, அடமானம் எல்லாம் டைட்டில் பதிவேட்டில் வரிசையாக ஏறும். இங்கே வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போல அங்கே டைட்டிலின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் வைத்துப் பின்னோக்கிப் போகலாம். பத்திரம் கைக்கு வந்த சூட்டோடு கடைக்காரருக்கோ வங்கிக்கோ கைமாறியவை ஏராளம், ஏனென்றால் நிபந்தனைகளை நிறைவேற்ற வாங்கிய கடனே அந்த அளவுக்கு ஏறியிருக்கும். உங்கள் தாள் லைசென்ஸ் மட்டும்தான். அது பத்திரம் வரை போனதா என்பதையே கோப்பு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெரம்பூர் லில்லி:

மிக்க நன்றி. மாமாவிடம் சொல்லிவிட்டேன், முகம் வாடிவிட்டது. பாரிஷ் பெயர், மனை எண் இரண்டும் தாளில் இருக்கின்றன. விக்டோரியாவிலிருந்து ஒருவர் கோலாருக்கு ஏன் வர வேண்டும், எப்படி வந்திருப்பார்?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

வருவதற்குக் காரணம் இருந்தது. கோலாருக்கு முன்னால் வயநாடு. ராபர்ட் ப்ரோ ஸ்மித் என்பவர் விக்டோரியா சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர். அந்த வேலை போனபின் 1879-இல் இந்தியா வந்து, தென்கிழக்கு வயநாட்டுத் தங்கப் பாறைகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நம் நீலகிரி மாவட்டப் பந்தலூர், தேவாலா பக்கம்தான். அதை வைத்து லண்டனில் இரண்டு ஆண்டுக்குள் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. மாதிரிக் கல்லில் காட்டிய தங்கம் அரவையில் வரவில்லை. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன, ஆட்களை மலேரியா தின்றது. அனுபவமுள்ள சுரங்கத் தொழிலாளி ஒருவர் அப்போது வயநாட்டுக்கு வந்து பிறகு கோலாருக்கு நகர்ந்திருக்கலாம்.

கோலாரில் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் உள்ளே வந்தது. முதலில் அதுவும் தள்ளாடியது. 1880-களின் நடுவில் சாம்பியன் லோட் என்ற முக்கியத் தங்க நரம்பு அகப்பட்ட பிறகுதான் நிமிர்ந்தது. டெய்லர் கம்பெனிக்குக் கார்ன்வாலோடு பழைய தொடர்பு, மேற்பார்வைக்கு அங்கேயிருந்தே ஆள் எடுத்தார்கள். ஆகவே இன்னொரு சாத்தியத்தையும் மறக்காதீர்கள்: உங்கள் கோலார்க்காரர் விக்டோரியாவிலிருந்து வராமல் நேரே கார்ன்வாலிலிருந்தே வந்த வேறு ‘ட்ரெ’வாக இருக்கலாம். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் கார்ன்வாலில் தெருவுக்குத் தெரு உண்டு.

பயணம். மெல்பர்னிலிருந்து வெளியே போன பயணிகள் பட்டியலும் அதே விக்டோரியா காப்பகத்தில் இருக்கிறது. ‘மெட்ராஸ்’ என்று மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தபால் கப்பலில் வந்தவர்கள் இலங்கையில் இறங்கி மாறினார்கள். 1882 வரை காலி, அதன்பின் கொழும்பு. பட்டியலில் அந்த ஊர்தான் இருக்கும். நேரே சென்னைக்கு வந்தவை குதிரைக் கப்பல்கள், ராணுவத்துக்கு ஆஸ்திரேலியக் குதிரை ஏற்றி வந்தவை. அதில் குதிரை பார்த்துக்கொள்ளும் ஆளாக வந்தவர் பயணிகள் பட்டியலில் வரமாட்டார்.

சென்னையில் துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்துவிட்டது. பழையபடி அலைக்கு நடுவே, ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் பலருக்கும் வழி. நம் ராயபுரம் படகுக்காரர்கள் கையில்தான் உயிர். பிறகு ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பெங்களூர்ப் பாதையில் பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டை. தங்கவயலுக்குக் கிளைப் பாதை திறந்தது 1894. உங்கள் பாட்டியின் அம்மாவுக்கு ஞானஸ்நானம் ஆனபோது கடைசிப் பத்து மைல் மாட்டு வண்டிதான்.

இன்னொன்று. பதிவில் தகப்பன் தொழில் ‘கேப்டன்’ என்று இருந்தால் ராணுவப் பட்டியலில் தேடாதீர்கள். கார்ன்வால் முறையில் சுரங்க மேற்பார்வையாளர் அந்தப் பெயரில்தான் அழைக்கப்பட்டார்.

காசிமேட்டான்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா அந்தம்மா கேட்ட மூணாவது கேள்வி அப்படியே நிக்குது. குடும்பப் பெயர் ஒத்துப்போனா அப்பா பிள்ளை ஆயிடாது.

ஞானஸ்நானப் பதிவுல குழந்தையோட அப்பா அம்மா பேர், ஊர், தகப்பன் தொழில், அவ்வளவுதான். தாத்தா பேர் வராது. தாத்தா பேர் வர்றது கல்யாணப் பதிவுல. மாப்பிள்ளை வயசு, தொழில், இருப்பிடம், அவரோட அப்பா பேர், பொண்ணோட அப்பா பேர் எல்லாம் அதுல கட்டம் போட்டு இருக்கும். அதனால சாம்பியன் ரீஃப்காரரோட கல்யாணத்தை முதல்ல புடிங்க. 1893-க்கு முன்னால பத்து வருஷம் தேடினாப் போதும், மூத்த குழந்தையா இருந்தா இன்னும் கம்மி.

தேடுற இடம்: சர்ச்சுங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரதி எடுத்து மேலே அனுப்பின பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல இந்தியா ஆபீஸ் ஆவணத்துல இருக்கு. சென்னை மாகாண வரிசை எண் என்/2. பெங்களூர், கோலார் பக்கத்தையும் இதுலதான் முதல்ல பாக்கணும். குடும்ப வரலாறு தேடுற தளங்கள்ல ஃபேமிலிசர்ச்ல பேர் அட்டவணை இலவசம், ஃபைண்ட்மைபாஸ்ட்ல கட்டணம் கட்டினா பக்கத்தோட படமே வரும். அட்டவணையோட நிறுத்தாதீங்க, தொழில், இருப்பிடம் எல்லாம் படத்துலதான். ஃபிபிஸ்ங்கிற, பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களைத் தேடுற சங்கத்தோட தளத்துல இலவசமா ஒரு தடவை அலசுங்க.

வழக்கமா சிக்குற இடம் இதுதான்: கார்ன்வால் சுரங்கக்காரங்க பெரும்பாலும் மெதடிஸ்ட். அது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிஞ்ச தனிச் சபை. லண்டனுக்குப் போன பிரதிகள்ல ஆங்கிலிக்கன் பதிவு நிறைய, மெதடிஸ்ட் ஞானஸ்நானம் விட்டுப் போயிருக்கும். கல்யாணம் அப்படி இல்ல, 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எந்தச் சபையில நடந்தாலும் அரசுக்கு விவரம் அனுப்பணும். அதனாலயும் கல்யாணம்தான் நம்பகம். பேர் எழுத்துப் பிழை சகஜம். ‘ட்ரெ’ங்கிறது ‘ட்ரி’, ‘த்ரெ’ன்னு எல்லாம் படியெடுத்திருப்பாங்க. முதல் பேரையும் வருஷத்தையும் மட்டும் போட்டு ஒரு தடவை தேடுங்க.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல பழைய அசைலம் பிரஸ் பஞ்சாங்கம் கேளுங்க. மாகாணத்துல இருந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பேரும் வேலையும் வருஷா வருஷம் போட்ட டைரக்டரி அது. எந்த வருஷம் கோலார்ல இருக்காரு, எந்த வருஷம் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்குப் பேர் மாறுதுன்னு ஒவ்வொரு வருஷமாப் பாத்துட்டு வரலாம்.

அந்தப் பக்கத்துச் சான்று விக்டோரியா மரணச் சான்றிதழ். 1853 ஜூலையிலிருந்து அங்க போட்ட படிவம் மாதிரி விவரமான படிவம் இங்கிலாந்துலயே கிடையாது. செத்தவரோட அப்பா அம்மா பேர், பிறந்த ஊர், காலனியில எத்தனை வருஷம், எங்க எந்த வயசுல யாரைக் கட்டினார், குழந்தைங்க பேரும் வயசும் வரிசையா. அந்த வரிசையில கோலார்க்காரரோட முதல் பேரும் வயசும் சரியா உக்காந்தா முடிச்சு விழுந்துடும்.

பெரம்பூர் லில்லி:

காசிமேட்டான் அண்ணா, கல்யாணம் கிடைத்துவிட்டது! 1889, மாப்பிள்ளை வயது 27, தந்தை முதல் பெயர் மைனர்ஸ் ரைட்டில் உள்ள பெயரேதான். ஆனால் விக்டோரியா மரண அட்டவணையில் அதே பெயரில் இரண்டு பேர். ஒருவர் 1879, வயது 49. இன்னொருவர் 1904, வயது 74. இரண்டு பேரும் 1830-இல் பிறந்தவர்களாக வருகிறது! எதை விலைக்கு வாங்குவது?

ஏட்டுச்சுருள்:

இரண்டையும் வாங்காதீர்கள், இப்போதைக்கு. முதலில் இலவசமானவை.

ஒரே ஊர்ப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் தாத்தா பெயரை வைத்துக்கொண்டு ஒன்றாகக் கப்பல் ஏறுவது கார்ன்வாலில் சாதாரணம். வயது ஒத்துப்போவதில் வியப்பில்லை.

விக்டோரியா காப்பகத்தில் 1841 முதல் 1925 வரையிலான உயில், சொத்துரிமைக் கோப்புகள் படமாகவே இலவசம். இரண்டு பெயரையும் பாருங்கள். 1873-இல் 78 ஏக்கர் எடுத்தவர் 1879-இல் இறந்து, நிலமும் அப்போது அவர் கையிலேயே இருந்திருந்தால், அது சொத்துப் பட்டியலில் வந்திருக்க வேண்டும், குத்தகையும் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ மாறியிருக்கலாம். நிலக் கோப்பில் 1880-க்குப் பிந்தைய தேதியில் அவர் கையெழுத்தே இருந்தால் 1879-ஐத் தள்ளிவிடலாம். 1904-க்காரர் உயில் எழுதியிருந்தால் ‘இந்தியாவில் இருக்கும் என் மகன்’ என்று ஒரு வரி கிடைக்க வாய்ப்பு உண்டு. மரணச் சான்றிதழைவிட வலுவான சாட்சி அது, ஏனென்றால் சொன்னவர் அவரே.

மண்வெட்டி:

1879-க்காரர் சுரங்க விபத்தில் போயிருந்தால் மரண விசாரணைக் கோப்பும் அதே காப்பகத்தில் இருக்கும். அதில் கூட வேலை செய்தவர்கள் சொன்ன சாட்சியம், எந்தக் கம்பெனி, எத்தனை அடி ஆழம், பாறை எப்படி விழுந்தது எல்லாம் வரும். அடையாளம் கண்டு சொன்ன உறவினர் பெயரையும் பாருங்கள். 1879-இல் உங்கள் கோலார்க்காரருக்கு வயது 17. மகன் என்றால் அவரே சாட்சிக் கூண்டில் நின்றிருக்கலாம்.

காசிமேட்டான்:

17 சரிதான். அப்படின்னா பிறப்பு 1861-62. விக்டோரியா பிறப்பு அட்டவணையில அந்த ரெண்டு வருஷத்தைப் பாருங்க. அதுல அம்மா பேரும் கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரும் வரும். ஒரே பேர்ல ரெண்டு அப்பா இருக்கறதால அம்மா பேர்தான் ரெண்டு குடும்பத்தையும் பிரிக்கும். மரண அட்டவணையில செத்தவரோட அப்பா அம்மா பேர் இருக்கு, அதையும் குறிச்சுக்குங்க. ரெண்டு பேருக்கும் அது ஒண்ணா இருக்கறது அபூர்வம்.

அதுக்கப்புறம் சான்றிதழ் வாங்குங்க. தகவல் கொடுத்தவர் யாருன்னு முதல்ல பாருங்க. மனைவியோ மகனோ சொல்லியிருந்தா குழந்தைங்க வரிசையை நம்பலாம். ஆஸ்பத்திரி ஆளோ சவப்பெட்டிக்காரரோ சொல்லியிருந்தா பாதிக் கட்டம் ‘தெரியாது’ன்னுதான் இருக்கும்.

கார்ன்வாலுக்குக் கடைசியா போங்க. அப்பா அம்மா பேர் கையில வந்ததும் 1851 மார்ச் 30 மக்கள்தொகைக் கணக்குல வீட்டைத் தேடலாம், கப்பல் ஏறுறதுக்கு முன்னால எடுத்தது. 1841 கணக்கை வயசுக்கு நம்பாதீங்க. 15 வயசுக்கு மேல உள்ளவங்களை அஞ்சின் மடங்குக்குக் குறைச்சுப் போட்டாங்க, 24 வயசுக்காரர் அதுல 20-ன்னு இருப்பாரு. கார்ன்வால் பாரிஷ் கிளார்க்குகள் ஆன்லைன் தளம் இலவசம். கோயில் ஞானஸ்நானத்துல ஆள் இல்லேன்னா அதே தளத்துல மெதடிஸ்ட் பதிவுக்குத் தனியா தேடுங்க.

பெரம்பூர்ல செத்தவங்களுக்குக் காசிமேடு கல்லறையில பாக்கணும்னா பேரோட செத்த வருஷத்தையும் எடுத்துட்டுப் போங்க. அங்க புதைச்ச தேதி வாரியாத்தான் பதிவேடு, வெறும் பேரைச் சொன்னா யாராலயும் தேடித் தர முடியாது.